பயணம் சொல்லிக்கொண்டவள்

முஸல்லாவை விரித்து அதன் மேல் நின்ற பிறகுதான் நிப்லாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பகல் லுஹர் தொழுகை நான்கு ரக்அத்தா, இரண்டா? பயணத்தில் இருப்பவர்கள் நான்கை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், வீட்டில் இருப்பவர்கள் முழுதாகத் தொழ வேண்டும் என்பது ஏழு வயதில் குர்ஆன் மதரஸாவில் படித்த பாடம். அதில் குழப்பம் எதுவும் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பதில்தான் குழப்பம். மாத்தளையில் யாரைக் கேட்டாலும் நிப்லா போலந்துக்குப் படிக்கப் போய் நாலு நாளாகிறது என்பார்கள். போலந்தில் லுப்ளின் நகரத்துப் பல்கலைக்கழகத்தைக் கேட்டால் அவள் இன்னும் வந்து சேரவில்லை என்பார்கள். அவளோ மாத்தளையை ஒட்டிய அலுவிகாரையில் வாப்பாவின் வீட்டு மேல்மாடியில், பூச்சு வேலை முடியாத அறையில், மிளகு மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாகக் கிடந்தாள்.

சோற்றுத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு உம்மா கைறுன்னிஸா படியேறி வந்தாள்.

"உம்மா, நான் இப்ப ரெண்டு தொழணுமா, நாலு தொழணுமா?"

உம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "பொறந்த ஊட்டுல நின்டுக்கிட்டு ரெண்டாம் ரெண்டு. நாலையும் தொழு. மெதுவாப் பேசு, ஜன்னல் தொறந்து ஈக்குது."

நான்கையும் தொழுதாள். ஆனாலும் இரண்டாவதின் முடிவில் சலாம் கொடுத்து முடித்துவிடத் தலை தானாகத் திரும்பப் பார்த்தது.

எல்லாம் வாப்பாவின் அவசரத்தால் வந்த வினை. இந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கடல் கடக்கிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்தது, இப்போது கட்டாருக்கு லொறி ஓட்டப் போகிறவனும் செய்கிறான். வாப்பா பலீல் ஹாஜியார் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனிதர். ஒரு மணியையாவது கடித்துப் பார்க்காமல் எந்த மூட்டையையும் இறக்கவிடமாட்டார். அப்படிப்பட்டவர் கொழும்பு ஏஜென்ட் சொன்னதை மட்டும் கடித்துப் பார்க்காமல் அப்படியே விழுங்கிவிட்டார். விசா குத்திய பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலேயே தன் ஆள் கொண்டுவந்து தருவான் என்று ஏஜென்ட் சொன்னான். அந்தச் சொல்லை நம்பி மகளைக் கூட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கினார். கிளம்புகிற அன்று வாசலில் துஆ ஓதி, பூந்தி கொடுத்து, அரை ஊர் அழுது அனுப்பிவைத்தது.

வேன் குருநாகலையைத் தாண்டியதும் ஒரு பள்ளியில் இறங்கி லுஹரையும் பின்னேர அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது வாப்பாவின் போன் அடித்தது. விசா இன்னும் வரவில்லையாம், இரண்டு நாள் பொறுக்கட்டுமாம். வாப்பா பள்ளியின் படியில் உட்கார்ந்தார், நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பியபோது ஒரு முடிவோடு எழும்பினார். "ரெண்டே ரெண்டு நாளு. அதுக்காக ஊரெல்லாம் போய், போகல்ல போகல்லன்டு செல்லிக்கிட்டுத் திரிய ஏலாது." வேன் ஊர் சுற்றி, மஃரிப் தாண்டி இருட்டியதும் வீட்டுக்குள் நுழைந்தது. கள்ள மரம் இறக்குவதுபோல் மகளை இறக்கி மேலே ஏற்றினார்கள். அந்த இரண்டு நாள் நாலாகி, ஆறாகி, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் பயந்ததைவிட வாப்பா பயந்தது தன் ஒரே தங்கைக்கு, ஸஜீதாவுக்கு. இரண்டு வருடத்துக்கு முன் ஸஜீதா மாமி தன் மகன் பஸ்லிக்கு நிப்லாவைக் கேட்டு, தட்டில் வட்டிலப்பமும் வாழைப்பழமுமாக வந்திருந்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நிப்லா தானே உள்ளேயிருந்து வந்து, "எனக்கு வேணாம் மாமி, நான் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றதைக்கூட மாமி பொறுத்திருப்பாள். சபையில், அவள் வாயாலேயே, முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் பொறுக்கவில்லை. அன்று படியிறங்கிப் போனவள் பிறகு பெருநாளைக்கு வரவில்லை, வாப்பா டெங்குவில் கிடந்தபோதும் வரவில்லை. நடந்தால் ஏழு நிமிடத்தில் வீடு. பஸ்லி ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் மறந்து ரத்தோட்டையில் கல்யாணம் முடித்து, இப்போது தன் தலையில் முடி குறைவதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறான். அவனுடைய உம்மாதான் அந்த மறுப்பைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

பயணம் சொல்லப் போன நாளில் அந்த வீட்டுக்கு மட்டும் நிப்லா தனியாகப் போனாள். "மாமி, போயிட்டு வாறேன். மாப்புத் தாங்க" என்றாள். அதற்கு மேல் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமி அவளைக் கட்டிப் பிடித்து, அவளுடைய ஹிஜாப் நனைகிற அளவுக்கு அழுதாள். மகள் விமானம் ஏறிவிட்டாள் என்று ஊர் நம்பிய மறுநாள், பகல் சாப்பாடு முடிந்த நேரம், இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் ஸஜீதா மாமியின் குரல் கேட்டது. "மதினி, ஒத்தப் புள்ளய அனுப்பிட்டுத் தனிச்சுப் போயிருப்பீங்க, அதான் வந்தேன்." தேத்தண்ணி குடிக்கக் கடையிலிருந்து வந்த வாப்பா, தங்கச்சி கதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் உள்ளே வராமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றார். மேல்மாடி ஜன்னல் இடுக்கால் நிப்லா அதைப் பார்த்தாள். அவர் முகத்தைக் கழுவிய நேரத்தில் ஒரு லொறியையே கழுவியிருக்கலாம். அதற்குப் பிறகு இந்த மனிதர் எந்த வாயால் தங்கச்சியிடம் போய், மகள் மேலேதான் இருக்கிறாள் என்று சொல்வார்?

மாமி தினமும் வந்தாள். அவள் வருகிற நேரம் லுப்ளினில் காலை வகுப்பு நடக்கிற நேரம். இங்கே ஒன்றரை மணி என்றால் அங்கே ஒன்பது. மாதக் கடைசி வரைக்கும் இணையத்தில் வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம், அதற்குள் நேரில் வராவிட்டால் இடம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. அதனால் நிப்லா ஒரு காதில் ஹெட்செட்டையும் மறு காதைப் படிக்கட்டுப் பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் பேராசிரியை, விடுதியில் உடுப்புக் கழுவுகிற மெஷின் எந்த மாடியில் இருக்கிறது, மைனஸ் ஆறில் எப்படி உடுத்த வேண்டும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று விளக்குவாள். மறு காதில் மாமி.

"இன்டைக்கி என்ன சாப்புட்டாளாம்?"

"சோறும் பருப்பும் கத்தரிக்காப் பொரியலும்" என்பாள் உம்மா. பொய் சொல்லிப் பழகாதவள், மேலே கொண்டுபோய்க் கொடுத்ததையே சொல்லிவிடுவாள்.

"போலந்துல கத்தரிக்கா கெடைக்குதா?"

"கெடைக்குதாம்."

"அல்லாட காவல். நோன்பும் வருது. தனியா ஸஹருக்கு எழும்பி என்னத்தத் திங்குமோ."

விடுதியில் நிப்லாவுடன் அறையில் தங்கவேண்டியவள் ஜோர்ஜியா நாட்டுப் பெண், நினோ என்று பெயர். காலியான கட்டிலைப் படம் எடுத்து அனுப்பி, நீ வரும்வரை என் கோட்டை இதில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். போட்டுக்கொள் என்று பதில் எழுதிவிட்டு நிப்லா அந்தப் படத்தை அன்று முழுக்கத் திறந்து திறந்து பார்த்தாள். விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகிற வழி அவளுக்கு மனப்பாடம். மருந்துக் கடையில் இடப்பக்கம், பிறகு மரங்கள் உள்ள தெரு, பிறகு சிவப்புக் கூரை. ஆனால் தன் வீட்டுச் சமையலறைக்குப் பகலில் போக முடியாது. மாமி இருக்கும்போது கக்கூஸில் தண்ணீர் அடிக்க முடியாது, தும்ம முடியாது. மிளகுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு தும்மாமல் இருப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தருவதில்லை.

அஸர் நேரம் வந்தால் மாமி அங்கேயே தொழுவாள். தொழுது முடித்து, சத்தமாக துஆக் கேட்பது அவள் வழக்கம். தூர தேசத்தில் இருக்கிற பிள்ளையின் உடம்புக்குக் குளிர் ஆகாமல் இருக்கட்டும், கூட இருப்பவர்கள் நல்லவர்களாக அமையட்டும், வழி தப்பாமல் இருக்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். பதினாலு படிக்கு மேலே அந்தப் பிள்ளை வெறுந்தரையில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் ஆமீன் சொல்வாள். அந்த துஆ லுப்ளினுக்குப் போய் அவளைத் தேடுமா, இல்லாவிட்டால் படியேறி வருமா என்று ஒருநாள் யோசித்தாள். யோசித்துப் பார்த்ததில் சிரிப்பு வரவில்லை.

ஏழாவது நாள்தான் மாமி அதைச் சொன்னாள். வகுப்பு இடைவேளை விட்டிருந்தது. இரண்டு காதும் படிக்கட்டுப் பக்கம்.

"மதினி, ஒங்கக்கிட்ட ஒன்டு செல்லணும். செல்லாட்டி எனக்குத் தூக்கமே வராது" என்றாள் மாமி. "அன்டைக்கி இந்த ஊட்டுப் படி எறங்கக்குள்ள, இவ எங்கயும் போய்ச் சேரக்கூடாது யா அல்லாஹ்ன்டு மனசுக்குள்ள கேட்டேன். வாயால இல்ல, மனசுக்குள்ள. பெத்த மகள மாதிரித் தூக்கி வளத்த புள்ள. ரெண்டு வருஷமா அது என்னத் தின்டுச்சு. புள்ள மாப்புக் கேட்டு வந்து நின்டப்பதான், நானுல்ல இவகிட்ட மாப்புக் கேக்கணும்ன்டு வந்துச்சு, கேக்க வாய் வரல்ல. இப்ப போய்ச் சேந்துட்டா. அல்லா என்ட பேச்ச ஏத்துக்கல்ல. அதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் வந்து அழுறேன் மதினி, கவலையில இல்ல."

கீழே உம்மா தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது. நிப்லா ஹெட்செட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வகுப்பு தொடங்கியிருந்தது. யாரோ ஈரப்பதத்தைப் பற்றிப் பேசினார்கள், ஒரு சொல்லும் ஏறவில்லை. சாபம், கண்ணேறு எல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். உணவுப் பாதுகாப்பில் முதுமாணி படிக்கிறவள், பூஞ்சணத்தை நம்புகிறவள். ஆனாலும் குருநாகலைப் பள்ளிப் படியில் வாப்பா உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

அன்று வரைக்கும் அவள்தான் வாப்பாவை அரித்துக்கொண்டிருந்தாள், மாமியிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மேலே வந்த வாப்பா, "நானே நாளைக்கிப் போய்ச் செல்லிடறேன் மகள், இது சரியில்ல" என்றபோது அவள் பதறிப்போய், "வேணாம் வாப்பா, விசா வரட்டும்" என்றாள். மாமிக்குத் தெரிந்தால் கோபப்படுவாள் என்பது பழைய பயம். இப்போதைய பயம் வேறு. தான் கேட்டது பலித்துவிட்டது என்று மாமி நினைப்பாள், சாகும்வரை நினைப்பாள். விசா வர வேண்டும், ஒரு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் போய்விட வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாப் பொய்யும் உண்மையாகிவிடும். அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

பதினோராவது நாள் உம்மா தையல்காரியிடம் போயிருந்தாள். போகும்போது, "மாமி வந்தா வரட்டும், கதவு சாத்தித்தான் ஈக்குது, நீ மூச்சுக் காட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமி வந்தாள். மதினி, மதினி என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பூட்டாத கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். குசினியில் அவள் தட்டுமுட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. மேலே நிப்லாவின் முறை. வகுப்பில் ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவள் மிளகை எடுத்திருந்தாள். கொதிநீரில் முக்கி எடுப்பது, வெயிலில் பரப்புவது, ஈரம் பதின்மூன்று வீதத்துக்குக் கீழே வராவிட்டால் பூஞ்சணம் பிடிப்பது என்று குரலைத் தாழ்த்தி, ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சத்தமாகப் பேசு என்று பேராசிரியை இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

மாசி மாதத்தில் மழை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அறைக்கு வெளியே திறந்த மாடித் தளத்தில் வாப்பா இரண்டு படங்கு விரித்து, அவை கொள்ளாத அளவுக்கு மிளகு காயப் போட்டிருந்தார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் வானம் கறுத்ததையும் யாரும் கவனிக்கவில்லை. தகரத்தில் முதல் துளி பட்டது. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு, மிளகு வெளியே கிடக்கும்போது துளி விழுந்தால், குளிக்கிறவராயிருந்தாலும் சாப்பிடுகிறவராயிருந்தாலும் ஓட வேண்டும். ஆறு வயதிலிருந்து ஓடிய கால்கள் நிப்லாவைக் கேட்கவில்லை. ஹெட்செட் ஒரு பக்கம் விழ, அவள் வெளியே பாய்ந்து படங்கின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். எதிர்ப்பக்க முனைகளை யாரோ தூக்கினார்கள். அதே வீட்டில் பிறந்து, அதே சட்டத்தில் வளர்ந்த ஸஜீதா மாமி, சவர்க்கார நுரை காயாத கைகளோடு நின்றாள்.

மாமி கத்தவில்லை. மழை வலுத்தது. மிளகு நடுவில் ஆறுபோல் சரிந்தது.

"இறுக்கிப் புடி" என்றாள் மாமி.

இரண்டு படங்கையும் அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். சிதறிய மணிகள் சீமெந்துத் தரையில் உருண்டன. இரண்டு பேரும் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"எப்ப வந்த?" என்றாள் மாமி.

அதுதான் நியாயமான கேள்வி. நேற்று வந்தேன், திடீரென்று வந்தேன், சும்மா வந்தேன் என்று எத்தனையோ பதில் இருந்தது. பதினோரு நாள் பொய்க்குள் குடியிருந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"நான் போகவே இல்ல மாமி."

மாமியின் கண்கள் அறையைச் சுற்றின. பாய், தலையணை, முஸல்லா, உம்மாவின் சோற்றுத் தட்டு. நாட்களைப் பின்னோக்கி எண்ணுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு நாளில் போய் நின்றாள்.

"அப்ப அன்டைக்கி, நான் மதினிக்கிட்ட செல்லக்குள்ள..."

"இங்கதான் ஈந்தேன்."

"கேட்டுச்சா?"

நிப்லா ஆமென்று தலையை ஆட்டினாள். மாமி பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் கேட்ட மாதிரியே ஆகிட்டா, மகள்?"

"இல்ல மாமி. விசாதான் லேட். எத்தினயோ பேருக்கு இன்னும் வரல்ல. ரெண்டு நாள்ல வந்துரும்." சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே ஏஜென்டின் குரலாகக் கேட்டது. மாமியை நெருங்கிக் கையைப் பிடிக்க வேண்டும் என்று தவித்தாள். யார் யாரிடம் மாப்புக் கேட்க வேண்டும் என்பது குழம்பிப்போய், இரண்டு கையும் அசையவில்லை. மாமி அவளைத் தாண்டி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள்.

மேசையிலிருந்து விழுந்து கிடந்த ஹெட்செட்டுக்குள்ளிருந்து யாரோ பூச்சி முனகுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிப்லா எடுத்து மாட்டினாள். திரையில் இருபது முகங்கள் அவளையே பார்த்தன. நினோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்ன சத்தம் அது, நீ எங்கே இருக்கிறாய் என்று பேராசிரியை கேட்டாள்.

"மாத்தளை. என் வீடு" என்றாள் நிப்லா, பதினோரு நாளில் முதல் முறையாகத் தாழ்த்தாத குரலில். "மழை பெய்கிறது. மிளகை உள்ளே எடுத்தோம்."

மிச்ச மூன்று நிமிடத்தையும் பேசி முடித்தாள். என்ன பேசினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. யாரோ கை தட்டினார்கள். அவள் கமராவை அணைத்துவிட்டுப் படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றாள். கீழே ஒரு சத்தமும் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை, அழுகை இல்லை, கேட் திறந்த சத்தமும் இல்லை. இறங்கலாம், இனி யாரும் தடுக்கப்போவதில்லை. ஒரு படி இறங்கினாள், திரும்ப ஏறினாள். பிறகு ஈரத் தளத்துக்குப் போய்ச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். வாசற்படிக்கு வெளியே, கூரை காக்காத இடத்தில் மாமியின் செருப்பு இரண்டும் நனைந்துகொண்டிருந்தன. மழைக்காக நிற்கிறாளோ, என்னவோ. தம்புள்ளை பஸ் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. மழை தூறலாகி, தூறலும் நின்று, மதிலின் மேல் வெயில் விழுந்தது. தெருவில் ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். மாமி இன்னும் வெளியே வரவில்லை; செருப்பு இரண்டும் குதி நிறையத் தண்ணீரோடு அங்கேயே கிடந்தன.